தண்ணி தெளியற முட்டும்

எல்லாரும் வந்த ஒடனே மொதல்ல கேக்கறது இதத்தானுங். இந்த நீச்சல் தொட்டியில கடல் தண்ணியக் கொண்டாந்து ஊத்தியிருக்கீங்களான்னு. திருப்பூர்ல இருந்து கடலு எங்க கெடக்குது, சொல்லுங். போர் தண்ணிதான். அதுல உப்புக் கொட்டிக் கரைக்கோணும். அந்தா அந்த ரூமுக்குள்ள ஒரு மிசின் இருக்குது பாருங், அதுக்குள்ள தண்ணி போகையில கரண்டு அந்த உப்பப் பிரிச்சுக் குளோரினா மாத்திக் குடுத்துரும். தனியாக் குளோரின் வாங்கிக் கொட்ட வேண்டியதில்ல. கண்ணு எரியாது, தோலு அரிக்காது. எங்கூட்டுக்காரிக்குத் தோலு லேசுங். ஆஸ்பத்திரித் தொட்டியில ஒருக்கா எறக்குனதுக்கே ஒடம்பு பூராத் தடிச்சுப் போச்சு. அதனாலதான் செலவப் பாக்காம உப்புத்தண்ணித் தொட்டி கட்டுனேன். இப்படி நெழலுக்கு வந்து உக்காருங்க.

டாக்டர் எங்க நெம்பர் குடுத்தாருன்னு போன்ல சொன்னீங்க. உங்கம்மாவுக்கு எந்தப் பக்கமுங் வாதம் இழுத்தது? வலது பக்கமா. எங்கூட்டுக்காரிக்கு எடது. பேரு மயிலாத்தா. உள்ளதான் படுத்திருக்கறா. ஒரு கார்த்திகை மாசம், காலைல அடுப்புப் பத்த வெக்கப் போனவ அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டா. பேச்சுக்கு ஒண்ணும் கொறையில்ல. கையும் பாதி வந்துருச்சு. கால்தான் வரல. தண்ணிக்குள்ள நடக்க வுட்டுப் பாருங்க, ஒடம்புப் பாரம் தெரியாது, காலு தானாப் பழகிரும்னு டாக்டர் சொன்னாரு. உங்களுக்கும் அதத்தானே சொல்லியிருப்பாரு.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைங். கக்கூசுக்குத் தானாப் போயிட்டுத் தானா வரோணும். அவ்வளவுதான். நகை கேக்கல, நட்டுக் கேக்கல, காசிக்குக் கூட்டிட்டுப் போன்னு கேக்கல. கல்யாணமான நாள்ல இருந்து என்ற முன்னாடி மாராப்பு வெலக வுடாத பொம்பள. அவள நான் தூக்கிக் கொண்டுபோயி உக்கார வெச்சுக் கழுவி வுட்டா அவளுக்கு எப்படி இருக்கும். ஒருநாள் தலையணைக்குள்ள மூஞ்சிய வெச்சுட்டு, "மாமா, இதுக்கு மட்டும் ஆராச்சும் ஒரு பொம்பளையாளப் போடுங்க"ன்னா. நான் போடலீங். என்ற பொண்டாட்டிய நான் பாக்காம வேற ஆரு பாக்கறது. காசுக்கு வர்றவ கை அவமேல படறதா. எனக்கு மனசு ஒப்புக்கல. சரி, நீயே நடந்து போற மாதிரிப் பண்ணிர்றேன் பாருன்னு சொன்னேன். சொல்லீட்டுத்தான் தோட்டத்துல குழி வெட்ட ஆள வுட்டேன்.

தொட்டிக்குள்ள அவள எறக்கறதுக்கு நானே ஒரு ஏற்பாடு பண்ணுனேன். நமக்குத் தொழிலு சாயப்பட்டறைங். டையிங் மாஸ்டரா இருந்து பொறவு சொந்தப் பட்டறை போட்டவன். திருமூர்த்தி மாஸ்டர்னு அந்தக் காலத்துல திருப்பூர்ல ஆரக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஈரத்துணி தூக்கற செயின் கப்பி ஒண்ணு பட்டறைய மூடுனப்பக் கொண்டாந்து போட்டிருந்தேன். அதக் கம்பியில மாட்டி, கீழ ஒரு சேரக் கட்டி, அதுல அவள உக்கார வெச்சு மெதுவா எறக்குவேன். பொம்மையாட்ட எறங்குவா. கீழ ஜெனிட்டா புடிச்சுக்கும். ஜெனிட்டாங்கறது பிசியோ புள்ள. நாகர்கோயில் பக்கம். நல்ல புள்ளதான், ஆனா வாய் இருக்குதே, அதச் சொல்லி மாளாது.

தை மாசம் எறங்குனா. மொதல்ல கம்பியப் புடிச்சுட்டு நின்னா. பொறவு அந்தப் புள்ள கையப் புடிச்சுட்டு நடந்தா. இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுத்துக்கு. தண்ணியின்னா தண்ணிங், அடியில ஒரு ஊசி கெடந்தாக் கண்ணுக்குத் தெரியும். பங்குனி நோம்பி வர்றப்ப வெளிய கூட வாக்கரப் புடிச்சுட்டு நிக்க ஆரம்பிச்சுட்டா. ஒருநாள் வாக்கரத் தள்ளிட்டே கக்கூசுக் கதவு முட்டும் போயிட்டா. உள்ள போகல. கதவத் தொட்டுட்டுத் திரும்பிட்டா. அன்னைக்குப் பூரா அவ மூஞ்சியப் பாக்கோணுமே. ஈரோட்டுல இருக்கற மக பிரமிளாவுக்குப் போன் போட்டு, "பிரமி, நான் இன்னைக்குக் கதவு முட்டும் போனேன் கண்ணு"ங்கறா. பழனிக்கு நடந்து போயிட்டு வந்தவ மாதிரி. எனக்குங் கண்ணு நெறைஞ்சு போச்சு. அதையும் சொல்லிப் போடறேன், மறைக்கறதுக்கு என்ன இருக்குது.

சித்திரையிலதான் வந்துது வெனை. போர்ல தண்ணி கீழ போயிருச்சு. கொறையற தண்ணிக்கு லாரித் தண்ணி வாங்கி வுட்டேன். ஒருநாள் வெளிய வந்தவ, "காலு லேசா நமநமங்குது மாமா"ன்னா. நான் தண்ணியத் தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தேன். எனக்கு டெஸ்ட்டுப் பேப்பரெல்லாம் வேண்டாமுங், நாக்குல வெச்சாப் போதும். உப்பு சரியாத்தான் இருக்குது. ஆனா உப்பு மட்டுந்தான் இருக்குது. அப்பத்தான் பொறி தட்டுச்சு. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, சாயத்துல உப்புப் போட்டாப் பொறவு சோடா போட்டே ஆகோணும். சோடா ஆஷ், வெள்ளைப் பொடி. உப்பு சாயத்தத் துணிக்குள்ள தள்ளும். சோடா அதப் புடிச்சு நிறுத்தும். சோடா இல்லாத உப்புத்தண்ணி பாதி வேலைதான். இந்தத் தொட்டிக்காரங்க உப்ப மட்டும் போடச் சொல்லீட்டு வுட்டுட்டாங்களே, இதுக்குத்தான் அரிக்குதுன்னு நெனச்சேன். பட்டறையில மிச்சமிருந்த மூட்டையப் பிரிச்சு, கணக்கா, கையளவாத் தூவி வுட்டேன்.

அடுத்தநாள் காலைல வந்து பாத்தா வெள்ளையா நிக்குது. அரிசி கழுவுன தண்ணியாட்ட. அடி தெரியல. படி தெரியல.

தொட்டி போட்ட கம்பெனியில இருந்து ஒரு பையன வரச் சொன்னேன். ரியாஸ்னு பேரு, கோயமுத்தூருக்காரன், படிச்ச பையன். வந்தான், பேப்பர நனைச்சான், செவச்செவன்னு ஆச்சு, காரம் ஏறுனா அந்தப் பேப்பரு செவக்குமாம். "சார், சோடா எதாச்சும் போட்டீங்களா"ன்னான். ஆமாம்னேன். "உப்புத் தொட்டியில காரம் தானாவே ஏறும் சார். உங்க தண்ணி வேற கடின தண்ணி. அதுமேல சோடா போட்டா சுண்ணாம்பு பிரிஞ்சு இப்படித்தான் வெள்ளையா நிக்கும். சோடாவ நிறுத்திட்டுக் கொஞ்சமா ஆசிட் வுடலாம்"னான். எப்படி இருக்குது பாருங். என்ற பொண்டாட்டி எறங்கற தண்ணியில ஆசிட் ஊத்தோணுமாம். "தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து நான் சோடா போட்டுட்டு இருக்கறேன். போயி மிசினப் பாரு"ன்னேன். மிசினக் கழட்டிக் காமிச்சான். உள்ள தகட்டுல வெள்ளையா ஏடு புடிச்சிருக்குது. மிசின்ல கோளாறுன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தப்பான மிசினக் குடுத்துட்டு, பழிய நம்ம சோடாமேல போடறாங்க.

பட்டறையில துணியில சாயம் ஒட்டலீன்னா என்ன பண்ணுவோம். சோடாவக் கூட்டுவோம். அதத்தான் பண்ணுனேன். தண்ணி இன்னும் கெட்டியாச்சு. சரி, லாரித் தண்ணிதான் மோசம்னு லாரிக்காரன மாத்துனேன். உப்பு மோசமா இருக்குமோன்னு மறுக்கா வேற எடத்துல உப்பு வாங்குனேன். பில்டருக்குள்ள இருந்த மண்ணப் பூராவும் வழிச்சுக் கொட்டிட்டுப் புது மண்ணு போட்டேன். அந்த ஓரத்துல ஒரு வேம்பு நின்னுச்சு, பூவு கொட்டுதுன்னு அதையும் வெட்டிப் போட்டேன். ஜெனிட்டா அவ கால்ல எண்ணெய் தேச்சு வுடும், அந்த எண்ணெய்தான் தண்ணியில கலந்து இப்படிப் பண்ணுதோன்னு, எண்ணெயத் தொடக்கூடாதுன்னுட்டேன். காலு வறண்டு வெடிச்சுது. வெடிச்சா என்னங், தண்ணி முக்கியமில்லீங்களா.

அதுவரைக்கும் அவளத் தண்ணியில எறக்க வேண்டாம்னு சொன்னேன். தண்ணி தெளியற முட்டும். இதுல என்ன தப்புங். நான் சாயக்காரன். கலங்குன தண்ணியில ரெண்டாந்தர பனியனக் கூட முக்க மாட்டேன். என்ற பொண்டாட்டிய முக்குவனா. ஜெனிட்டா சண்டைக்கே வந்துருச்சு. "சார், இடுப்பளவு தண்ணிதான, நான் கூடவே பிடிச்சிருக்கேம்லா. கம்பெனி ஆள் சொன்னதக் கேட்டா நாளைக்கே தெளிஞ்சிரும். இல்லன்னா இப்பிடியே எறக்குங்க. அம்மாவுக்கு நடைப் பயிற்சி நிக்கக்கூடாது"ன்னுச்சு. அடி தெரியாத தண்ணியில வழுக்குனா ஆரும்மா பதில் சொல்றது, நீயான்னு கேட்டேன். அதுல இருந்து அது கட்டில்ல வெச்சே காலப் புடிச்சு நீட்டி மடக்கி வுட்டுட்டுப் போகும்.

மயிலாத்தா மொதல்ல எல்லாம் தெனமும் கேப்பா. "மாமா, இன்னைக்குத் தெளிஞ்சுதுங்களா?" நான் இன்னும் இல்லம்பேன். பொறவு, "கலங்கலா இருந்தாலும் பரவால்லீங் மாமா, நான் எறங்கறேன்"னா. உனக்கு ஒண்ணும் தெரியாது, பொறுன்னேன். வைகாசியில கேட்டா, ஆனியில கேட்டா. அவளுக்காகத்தானே நான் வெயில்ல நின்னு கருகறேன், அது அவளுக்குப் புரியல. வாக்கர் கட்டிலுக்குப் பக்கத்துலயே நின்னுச்சு. அவ துண்டக் காயப் போடறதுக்கு ஆச்சு அது.

ஆடி நோம்பிக்கு அவ தம்பி ஒறம்பரைச் சனத்தோட வந்தான். தொட்டியப் பாத்துட்டு, "ஏனுங் மாமா, பால் பண்ணை வெச்சுட்டீங்களாட்ட இருக்குது. ஒரு டம்ளர் மோந்து கொண்டாங்க, டீ வெக்கலாம்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. அவங் குசும்பு ஊருக்கே தெரியும், அது போகட்டும். சன்னல் வழியாப் பாத்துட்டு மயிலாத்தாளும் சிரிச்சா. அதுதான் எனக்குப் பொறுக்கல. இந்த ஊர்ல தண்ணியப் பத்தித் தெரிஞ்சவன்னா நாந்தான். எங்க பட்டறைத் தண்ணி ஆத்துல போகையில என்ன கலரு போட்டமோ அந்தக் கலர்ல போகும், அவ்வளவு சுத்தமான சாயம். ஆத்தங்கரைத் தோட்டத்துக்காரனுங்க வந்து கத்துவானுங்க. கெணத்துத் தண்ணி கெட்டுப் போச்சும்பானுங்க. அது வேற கதை வுடுங்க. அப்பேர்ப்பட்ட எனக்கு ஒரு தொட்டித் தண்ணி வசப்படலீன்னா என்ன அர்த்தம். அன்னைக்கு நான் சாப்புடவே இல்ல.

பொறவுதான் படிகாரம் ஞாபகம் வந்துது. பட்டறையில ஆபீசருங்க சோதனைக்கு வர்ற அன்னைக்குச் சாயத் தண்ணியில படிகாரத்தக் கரைச்சு வுடுவோம். அழுக்குப் பூராவும் திரண்டு அடியில படிஞ்சுரும், மேல தெளிஞ்சு நிக்கும். அதையே இங்கயும் பண்ணுனேன். ஆனா ஒண்ணுங், படிகாரம் போட்டாத் தண்ணிய அசைக்கவே கூடாது. ஒரு காத்துக் கூடப் படக்கூடாது. அடியில படியற முட்டும் அப்படியே வுட்றோணும். வூட்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். தொட்டிப் பக்கம் ஆரும் போகக்கூடாது.

சொன்ன கையோட நான் படுத்துட்டேன். டெங்குக் காய்ச்சல். கோயமுத்தூருக்குக் கொண்டுபோயி ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. ரத்தத்துல என்னமோ கொறைஞ்சு போச்சாம், அனுப்பவே மாட்டேன்னுட்டாங்க. அங்க படுத்துட்டு எனக்கு நெனப்பெல்லாம் தண்ணி மேலதான். மயிலாத்தாளப் பாத்துக்கறதுக்குப் பிரமிளா வந்திருந்துது. போன் போட்டா, "அம்மா நல்லாயிருக்குதுப்பா, நீங்க ஒடம்பப் பாருங்க"ங்கும். ஒடம்பக் கேட்டனா நான். தண்ணி எப்படி இருக்குதுன்னு கேட்டா, "தெளிஞ்சுட்டு வருதுப்பா"ன்னு சொல்லீட்டு வெச்சுரும்.

வூட்டுக்கு வந்த அன்னைக்குக் கார வுட்டு எறங்கறேன், சிரிப்புச் சத்தம் கேக்குது. மயிலாத்தா சிரிப்பு. அவ அப்படிச் சத்தமாச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. கல்யாணத்தப்ப அவ தோழிங்க கூட ஒருக்காக் கேட்டதோட சரி. சுத்திட்டு வந்து பாத்தா, தொட்டிக்குள்ள நிக்கறா. தண்ணிக்குள்ள. ஜெனிட்டா கொஞ்சம் தள்ளி நின்னுட்டு ரெண்டு கையையும் விரிச்சு வெச்சிருக்குது, தொடல. பிரமிளா கரையில உக்காந்து தண்ணிக்குள்ள காலத் தொங்கப் போட்டிருக்குது. நான் இல்லாத இத்தனை நாளும் தெனம் எறக்கியிருக்கறாங்க.

தண்ணி பாதிக்கு மேல தெளிஞ்சுதான் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது. எல்லாம் படிகாரத்தோட வேலை. ஆனா அவ கால் வெக்கற எடத்துல எல்லாம் அடியில படிஞ்சது பொகையாட்டக் கெளம்பி வருது. ஒவ்வொரு அடிக்கும் கெளம்பி வருது. நான் ஆஸ்பத்திரியில கெடந்து, தெளியட்டும் தெளியட்டும்னு கும்புட்டுட்டுக் கெடந்ததெல்லாம் கெளம்பி வருது. என்னையப் பாத்துட்டா. "மாமா, பாருங்க, புடிக்காம நிக்கறேன்"னா.

ஆரு எறங்கச் சொன்னதுன்னேன் நான்.

அப்ப எனக்குக் காய்ச்சல் சுத்தமாப் போகல, அதையும் நெனச்சுக்கோணும். அவள மேல தூக்குங்கன்னேன். ஜெனிட்டா, "சார், இன்னும் ஒரு தடவ நடந்துட்டு வரட்டும்"னுச்சு. தூக்குங்கன்னு கத்துனேன். சேர்ல உக்கார வெச்சாங்க. நாந்தான் செயின இழுத்தேன். காய்ச்சக்கார ஒடம்பு, பாதியில மாட்டிக்கிச்சு, மேலயும் போகல, கீழயும் எறங்கல. அவ அந்தரத்துல தொங்கறா, ஈரத்துணி ஒடம்போட ஒட்டிப் போயி, தண்ணி சொட்டுது. டிரைவர் நிக்கறான், தோட்டத்து ஆளுங்க நிக்கறாங்க. ஒத்தக் கையால மாராப்ப இழுத்து இழுத்து மூடறா. நான் செயின ஆட்டிட்டே பேசறேன். நான் எதுக்குப் பாடுபடறேன், ஆருக்குப் பாடுபடறேன், ஒரு பேச்சுக் கேக்க மாட்டீங்களான்னு. கீழ எறக்கற முட்டும் பேசிட்டேதான் இருந்தேன். ஞாயந்தானுங்களே. நீங்களே சொல்லுங், கோவம் வருமா வராதா.

ஜெனிட்டாகிட்ட இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டேன். போகையில, "சார், முட்டி இறுகிட்டுன்னா பொறவு ஒருத்தராலயும் நிமுத்த முடியாது, கேட்டுக்கிடுங்க"ன்னுட்டுப் போச்சு. சாபமாட்ட. பிரமிளா, "அம்மாவ என்ற கூட அனுப்புங்கப்பா, ஈரோட்டுல நான் பாத்துக்கறேன், அங்க ஆஸ்பத்திரித் தொட்டி இருக்குது"ன்னுச்சு. அந்தத் தண்ணி அவ தோலுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சே கேக்குது பாருங். அதுவும் போக, கட்டுன புருசன் உசுரோட இருக்கறப்ப மக வூட்டுல போயிக் கெடந்தா ஊரு என்ன பேசும், சம்பந்தி வூட்டுல என்ன நெனப்பாங்க. முடியாதுன்னுட்டேன். அழுதுட்டே பைய எடுத்துட்டுப் போச்சு. இன்னைக்கு முட்டும் என்ற கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. போன் போட்டா, அம்மா காதுல வைங்கன்னு சொல்லும். வெப்பேன். இவ ம்ம், ம்ம்னு மட்டும் சொல்லுவா. பெத்த மகளுக்கு அப்பன் பட்ட பாடு தெரியல, என்னங் பண்றது.

தொட்டியச் சுத்திக் கம்பி வேலி போட்டுப் பூட்டிட்டேன். கப்பியக் கழட்டி வெச்சுட்டேன். அதுக்கப்பறம் எறங்கறேன்னு அவ ஒரு வார்த்தை கேக்கல. நானும் மறுபடிக்கு ஒழுங்கா மருந்து வேலைய ஆரம்பிச்சேன். சோடா, படிகாரம், மறுக்காச் சோடா. ஆவணி பூரா வெள்ளையாவேதான் இருந்துச்சு, அவ கலக்கி வுட்டதுதான் காரணம். பொறவு காய்ச்சல் போன ஒடம்புக்கு மூட்டை தூக்க முடியாமப் போச்சு. மூச்சு வாங்குது. புரட்டாசியில ஒண்ணுமே போடலீங். மோட்டார மட்டும் போட்டு வுட்டுட்டு உக்காந்துக்குவேன். ஐப்பசி மழை நல்லா ஊத்துச்சு, தொட்டி ரொம்பி வழிஞ்சுது. மழை வெறிச்சதும் ஒருநாள் காலைல வந்து பாக்கறேன். அடியில பதிச்ச ஓட்டுக்கு ஓடு இருக்கற கோடு தெரியுது.

நான் போட்டதெல்லாம் அப்பத்தான் எறங்கி வேலை செஞ்சிருக்குது. மருந்துன்னா டைம் எடுக்குமில்லீங்களா. அந்த ரியாஸ் மிசினப் பாக்க வந்தவன், "சோடாவ நிறுத்துனீங்கல்ல சார், அதான்"னான். பொடிப்பய. சிரிச்சு அனுப்பிட்டேன்.

நல்ல நாள் பாத்தேன். வேலியத் தெறந்து, கப்பிய மறுபடி மாட்டி, சேருக்குச் சந்தனப் பொட்டு வெச்சு, தேங்காய் ஒடைச்சேன். மயிலாத்தாளுக்குப் புதுச் சீலை எடுத்துக் கட்டி வுட்டேன். பிரமிளாவக் கூப்பிட்டேன், வரல. அவ தம்பி வந்தான், இந்தத் தடவை சிரிக்கல. டவுன்ல இருந்து வேற ஒரு பிசியோவும் வந்தாரு, ஆம்பளை, மூத்தவரு. இவளத் தூக்கிட்டு வந்து கரையில உக்கார வெச்சோம். சேர்ல காலு சரியா உக்காரல. எடது முட்டி மடிஞ்சது மடிஞ்சபடிக்கு இருக்குது. நீட்டப் போனா வலியில பல்லக் கடிக்கறா. அந்தப் பிசியோ தொட்டுத் தடவிப் பாத்துட்டு என்னையத் தனியாக் கூப்பிட்டாரு. இனி தண்ணியில எறக்கி ஒண்ணும் ஆகாதுங்க, முன்னாடியே நிறுத்தாமப் பண்ணியிருக்கோணும்னாரு. முன்னாடி தண்ணி கலங்கலா இருந்துச்சுங்கன்னேன். அவரு பைய எடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. பணங் கூட வாங்கிக்கல.

அது போகட்டும். அவ வந்து பாத்தாளே, அதச் சொல்றேன். அத்தனை மாசம் நான் ராப்பகலாப் பாடுபட்டுத் தெளிய வெச்ச தண்ணி. கண்ணாடி தோத்துப் போகும். அவ குனிஞ்சு பாத்தா. சித்த நேரம் பாத்தா. "நல்லாத்தான் இருக்குது மாமா. என்னையக் கொண்டுபோயிப் படுக்க வைங்க"ன்னா. அவ்வளவுதான். எத்தனை கஷ்டப்பட்டீங்கன்னு ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை வேண்டாங்களா. எனக்கு நெஞ்சு ஒடைஞ்சு போச்சு. அந்தப் பக்கம் திரும்பி நின்னு அழுதேன், அவ தம்பிதான் பாத்தான்.

நீங்க தொட்டி கட்டுங்க. நான் வேண்டாம்னு சொல்லல. உங்கம்மா நடக்கோணுமில்ல. கம்பெனிக்காரன் சொல்றத எல்லாம் நம்பாதீங்க, எதா இருந்தாலும் எனக்கு ஒரு போன் போடுங்க. சோடாக் கணக்கு நான் சொல்லித் தர்றேன். ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. தண்ணி கொஞ்சம் கலங்குனாலும் அம்மாவ எறக்கீராதீங்க. அம்மா கேப்பாங்க, எறங்கறேன் எறங்கறேம்பாங்க. பிசியோக்காரங்களும் அவசரப்படுவாங்க. நீங்கதான் நிலையா நிக்கோணும். தெளியற முட்டும் பொறுக்கோணும்.

அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்ங்கறீங்களா. கேட்டுப் பிரயோசனம் இல்லீங். அவ இப்ப ஆருகூடவும் பேசறதில்ல. சித்த இருங்க, நான் உள்ள போயி ஒருக்காப் பாத்துட்டு வந்தர்றேன். முன்னெல்லாம் ஒண்ணுக்கு வருதுன்னா முன்கூட்டியே கூப்புடுவா, அவசரமாக் கூப்புடுவா, அழுவா. இப்பக் கூப்புடறதே இல்ல. நானாப் போயிப் போர்வைக்குள்ள கைய வுட்டுப் பாத்தாத்தான் நனைஞ்சிருக்கறது தெரியும். மாத்தும்போது மூஞ்சியக் கூடத் திருப்பறதில்லீங். மாராப்பு எங்க கெடக்குதுன்னு பாக்கறதில்ல. மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடப்பா. ஒரு வழியாப் பழகிக்கிட்டா. அந்த மட்டுக்கும் எனக்கொரு நிம்மதி.

நான் வர்ற முட்டும் நீங்க தண்ணியப் பாத்துட்டு இருங்க. வெயில் எறங்கறப்ப இன்னும் நல்லாத் தெரியும். தெளிஞ்சதுல இருந்து ஒருத்தரையும் எறங்க வுட்டதில்ல, நானும் எறங்குனதில்ல. நீங்களும் கைய மட்டும் உள்ள வுட்றாதீங்க.